கற்றல் பாதை சரிதானா என்று சோதிப்பது எப்படி? விகிதப் பாடத்தை வைத்து ஒரு முழுச் சுற்று

ஒரு குட்டை மனிதர், ஒரு நெட்டை மனிதர். பொத்தான்களை அடுக்கி அளந்தால் குட்டையர் 4 பொத்தான் உயரம், நெட்டையர் 6 பொத்தான் உயரம். அதே குட்டையரைக் கிளிப்களைக் கோத்து அளந்தால் 6 கிளிப். அப்படியானால் நெட்டையர் எத்தனை கிளிப்? இயற்பியலிலிருந்து கல்வி ஆய்வுக்கு வந்த ராபர்ட் கார்ப்லஸ் பயன்படுத்திய கணக்கு இது. விகிதத்தைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் ஒரு தடவையாவது இதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். விடை 9. நடுநிலைப் பள்ளி வகுப்பு ஒன்றில் கொடுத்துப் பாருங்கள், 8 என்ற விடையும் தவறாமல் வரும்.

8 என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. நெட்டையர் 2 பொத்தான் கூடுதல், அதனால் 6-உடன் 2 கூட்டு. அந்தப் பிள்ளையின் கணக்கில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது விகித ஒழுங்காக இல்லை என்பதுதான் சிக்கல். பிள்ளைகள் இப்படிப்பட்ட எந்தெந்த எண்ணங்களின் வழியாகப் போய் கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்று எழுதி வைப்பதுதான் கற்றல் பாதை. 1995-இல் மார்ட்டின் சைமன் இதற்குப் பெயர் வைத்தபோது 'கருதுகோள் நிலையிலான கற்றல் பாதை' என்றே வைத்தார். இலக்கு ஒன்று, அதற்கான செயல்பாடுகள், பிள்ளையின் சிந்தனை எப்படி நகரும் என்ற ஊகம் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர் சொன்ன பாதை. ஊகம் என்றால் தப்பாகவும் போகலாம். அதைச் சோதிக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடநூலின் அத்தியாய வரிசை கற்றல் பாதை ஆகாது. அது நாம் கற்பிக்கும் வரிசை. பிள்ளை யோசிக்கும் வரிசை வேறாக இருக்கலாம், பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கிறது.

முதல் வேலை: எதைச் சோதிக்கிறோம் என்று எழுதுங்கள்

"என் பாதை சரியா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எதற்குச் சரி? ஆசிரியர் அடுத்த வாரம் என்ன கற்பிக்கலாம் என்று முடிவெடுக்க ஒரு சின்னத் தேர்வு வைப்பது ஒரு பயன்பாடு. ஆண்டிறுதியில் தரம் போடுவது முற்றிலும் வேறு பயன்பாடு. முதலாவதற்குப் போதுமான சான்று இரண்டாவதற்குப் போதாது. அளவீட்டு அறிஞர் மைக்கேல் கேன் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தி வந்தது இதைத்தான்: ஏற்புடைமை (validity) என்பது தேர்வுத்தாளின் குணமல்ல, மதிப்பெண்ணை வைத்து நாம் சொல்லும் பொருளுக்கும் அதைப் பயன்படுத்தும் விதத்துக்கும் உரியது.

ஆகவே ஒரு தாளை எடுத்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்த 8 வினாக்களுக்குப் பிள்ளை தரும் விடைகளைப் பார்த்தால், விகிதப் பாதையில் அது எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் அறியலாம், அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றலாம்." இந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. படிகள் உண்மையில் இருக்கின்றன. வினாக்கள் அந்தப் படிகளைத்தான் தொடுகின்றன. விடையைப் பார்த்துப் படியைச் சொல்ல முடியும். சொன்னால் கற்பித்தலுக்குப் பயன்படும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

தொடக்கத்தில் சின்னத் துண்டாக எடுங்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி கான்ஃப்ரியின் குழு உருவாக்கிய மேத் மேப்பர் 6–8 என்ற கருவி, 6, 7, 8 வகுப்புக் கணிதத்தை 9 பெரும் கருத்துகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றையும் மேலும் சிறு துண்டுகளாக உடைத்து, துண்டுக்கு ஒரு பாதை வரைகிறது. ஒரு பெரிய குழு ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. நீங்கள் தனி ஆள் என்றால் ஒரே துண்டு போதும்.

இரண்டாவது வேலை: படிகளைச் செயலாக எழுதுங்கள்

"விகிதத்தைப் புரிந்துகொள்கிறது" என்று எழுதினால் யாராலும் சோதிக்க முடியாது. பிள்ளை என்ன செய்யும், என்ன சொல்லும் என்று எழுத வேண்டும். என்னுடைய தாளில் இருப்பது இது:

படி 1: ஓர் எண்ணை மட்டும் பார்க்கிறது. இரண்டு சாயக் கலவைகளில் எது அதிகச் சிவப்பு என்று கேட்டால்: "சிவப்பு நிறைய இருக்கு, அதனால இதுதான் அடர்த்தி."
படி 2: வித்தியாசத்தைப் பார்க்கிறது. 6-க்கும் 4-க்கும் 2.
படி 3: ஜோடி ஜோடியாக அடுக்குகிறது. 4-க்கு 6, 8-க்கு 12, 12-க்கு 18.
படி 4: ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துப் பெருக்குகிறது. ஒரு பொத்தானுக்கு ஒன்றரை கிளிப்.
படி 5: விகிதம் பொருந்தாத இடத்தை அடையாளம் கண்டு, அங்கே விகிதம் போடாமல் விடுகிறது.

ஐந்தாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் ஒரே வேகத்தில் திடலைச் சுற்றி ஓடுகிறார்கள், ஒருவர் முன்பே தொடங்கிவிட்டார். பின்னால் வந்தவர் 2 சுற்று முடித்தபோது முன்னவர் 6 சுற்று முடித்திருந்தார். பின்னவர் 8 சுற்று முடிக்கும்போது முன்னவர்? விடை 12. விகிதத்தை நன்றாகப் படித்த பிள்ளை 24 என்று எழுதும், அதுவும் முழு நம்பிக்கையோடு. கூட்டல் பிள்ளையோ 12 என்று சரியாக எழுதிவிடும்! ஆகவே இந்த ஒரு வினாவை மட்டும் பார்த்து யாரையும் ஐந்தாம் படியில் ஏற்றிவிடக் கூடாது. நான்காம் படி வினாக்களும் சரியாக இருந்தால்தான் இதற்குப் பொருள்.

எழுதி முடித்ததும், நடுநிலை வகுப்புகளில் நெடுநாள் கணிதம் கற்பித்த இரண்டு மூன்று ஆசிரியர்களிடம் தாளைக் காட்டுங்கள். படிகளைக் கத்தரித்துக் கலைத்துக் கொடுத்து, நீங்களே அடுக்குங்கள் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வருகிறதோ அங்கேதான் உங்கள் எழுத்தும் மங்கலாக இருக்கிறது.

மூன்றாவது வேலை: தவறான விடையும் பேசும்படி வினா எழுதுங்கள்

இந்த வேலைக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். இங்கே கோட்டை விட்டால் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. பார்க்க வேண்டியது ஒன்றே: தவறான வழியில் யோசிக்கும் பிள்ளைக்குச் சரியான விடை கிடைத்துவிடுகிறதா?

நான் எழுதிய ஒரு வினாவையே காட்டுகிறேன். சாயக் கலவை. அ: 3 கிண்ணம் சிவப்பு, 1 கிண்ணம் வெள்ளை. ஆ: 4 கிண்ணம் சிவப்பு, 3 கிண்ணம் வெள்ளை. எது அதிகச் சிவப்பு? விடை அ. நிறையப் பிள்ளைகள் சரியாக எழுதினார்கள், எனக்கும் மகிழ்ச்சி. அப்புறம்தான் உறைத்தது. வித்தியாசம் பார்க்கிற பிள்ளை என்ன செய்யும்? அ-வில் சிவப்பு 2 கூடுதல், ஆ-வில் 1 கூடுதல். அதனால் அ. வெள்ளையை மட்டும் பார்க்கிற பிள்ளை? வெள்ளை குறைவாக இருப்பது அ. மூன்று வெவ்வேறு சிந்தனைகள், விடை ஒன்றேதான். அந்த வினா எனக்கு எதையும் சொல்லவில்லை.

மாற்றி எழுதினேன். முதல் வினா: அ 3 சிவப்பு 1 வெள்ளை, ஆ 6 சிவப்பு 3 வெள்ளை. சரியான விடை அ, ஏனென்றால் அ-வில் முக்கால் பங்கு சிவப்பு, ஆ-வில் மூன்றில் இரண்டு பங்குதான். வித்தியாசம் பார்ப்பவர் இப்போது ஆ என்பார், சிவப்பை மட்டும் பார்ப்பவரும் ஆ என்பார். வெள்ளையை மட்டும் பார்ப்பவர் மட்டும் இன்னும் அ என்று சொல்லித் தப்பிக்கிறார். சரி, அவரைப் பிடிக்க இரண்டாவது வினா: அ 2 சிவப்பு 3 வெள்ளை, ஆ 4 சிவப்பு 5 வெள்ளை. இங்கே சரியான விடை ஆ. வித்தியாசம் பார்ப்பவருக்கு இரண்டும் சமம், சிவப்பு மட்டும் பார்ப்பவருக்கு ஆ, வெள்ளை மட்டும் பார்ப்பவருக்கு அ.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விகிதமாக யோசிப்பவர் அ, ஆ. வித்தியாசம் பார்ப்பவர் ஆ, சமம். சிவப்பு மட்டும் பார்ப்பவர் ஆ, ஆ. வெள்ளை மட்டும் பார்ப்பவர் அ, அ. நால்வருக்கும் நான்கு தனித்தனி விடை ஜோடிகள். ஒரு வினாவால் முடியாததை இரண்டு வினாக்கள் சேர்ந்து செய்கின்றன. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். நீங்களே ஒவ்வொரு தவறான வழியிலும் கணக்கைப் போட்டு ஒரு சின்ன அட்டவணை வரைந்தால் போதும். அட்டவணையில் இரண்டு வரிசைகள் ஒன்றுபோல் வந்தால் எண்களை மாற்றுங்கள்.

தசமத்திலும் இதே கதைதான். 4.8, 4.63 இவற்றில் எது பெரியது என்று கேட்டால், நீளமான எண்ணே பெரியது என்று நினைக்கும் பிள்ளை 4.63 என்று எழுதி மாட்டிக்கொள்ளும். ஆனால் குட்டையான எண்ணே பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் உண்டு, அது 4.8 என்று சரியாக எழுதிவிடும். 5.736, 5.62 என்று கேட்டால் நிலைமை தலைகீழ். ஆஸ்திரேலியாவில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் தசம ஒப்பீட்டுத் தேர்வை இப்படிப்பட்ட வினாக்களைக் கலந்துதான் அமைத்தார்கள். மொத்த மதிப்பெண்ணில் தெரியாத சிந்தனை, விடைகளின் கோலத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது வேலை: பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்

வினாக்கள் தயாரானதும் பெரிய கூட்டத்துக்குக் கொடுத்துவிடத் தோன்றும். வேண்டாம். முதலில் 10, 12 பிள்ளைகளோடு தனித்தனியாக உட்காருங்கள். நன்றாகச் செய்பவர், தடுமாறுபவர், நடுவில் இருப்பவர் என எல்லோரும் அதில் இருக்கட்டும். வினாவைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்; இது தேர்வு இல்லை என்பதையும் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும்.

ஒரு சிறுமி குட்டையர் கணக்குக்கு 9 என்று எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நாலுக்கு ஆறு சார். ரெண்டுக்கு மூணு. ஆறுன்னா நாலும் ரெண்டும். அதனால ஆறும் மூணும் ஒன்பது."

"சரி, ஏழு பொத்தான் உயரம்னா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏழுக்கு... ஆறுக்கு ஒன்பது, இன்னும் ஒண்ணு... பத்து?"

9 என்ற விடையை வைத்து நான் அவளை நான்காம் படியில் போட்டிருப்பேன். அவள் நிற்பது மூன்றாம் படி. ஜோடிகளை அடுக்கவும் பாதியாக்கவும் தெரிகிறது. ஒரு பொத்தானுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இன்னும் வரவில்லை. அது வராத இடத்தில் மறுபடி கூட்டலுக்கு இறங்கிவிடுகிறாள். 4, 6, 6 என்ற எண்கள் பாதியாக்கினாலே வேலை முடிகிற எண்கள், குற்றம் அவற்றின் மேல். அதனால் நான்காம் படிக்கு 7 பொத்தான் வினா தனியாகச் சேர்ந்தது.

உட்காரும்போது ஒரே ஒரு விதி: கற்பிக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். "அப்படியா?" என்று புருவத்தைத் தூக்கினாலே பிள்ளை விடையை மாற்றிவிடும். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே முகத்தோடு "எப்படி வந்தது?" என்று கேட்டுப் பழகுங்கள்.

பதிவுகளை இருவர் தனித்தனியாகப் படித்துப் படி எண் போட வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எத்தனை சதவீதம் ஒத்துப்போனோம் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரண்டே குறியீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருமே பத்தில் ஒன்பது பதிவுகளுக்கு முதல் குறியீட்டையும் மீதி ஒன்றுக்கு மற்றதையும் போடுகிறவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். அப்போது 85 சதவீத ஒற்றுமை என்பது பெருமைக்குரியதல்ல. தற்செயலைக் கழித்துச் சொல்லும் கோஹெனின் காப்பா என்ற அளவில் அது வெறும் 0.17. காப்பா குறைவாக வந்தால், எந்தப் பதிவில் பிரிந்தீர்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். படி விவரிப்பில் ஏதோ ஒரு சொல் இருவருக்கும் இரண்டு பொருள் தந்திருக்கும்.

ஐந்தாவது வேலை: கூட்டத்துக்குக் கொடுத்து எண்களைப் பார்ப்பது

இப்போது வகுப்புகளுக்குக் கொடுக்கலாம். மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் கட்டம் வரையுங்கள். பிள்ளைகளை மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழாக, வினாக்களை எளிதிலிருந்து கடினத்துக்கு இடமிருந்து வலமாக. சரியான விடைக்குக் கட்டத்தைக் கருப்பாக்குங்கள். பாதை சரியாக இருந்தால் கருப்பு ஒரு படிக்கட்டுபோல் தெரியும். 1940-களில் லூயி குட்மன் முன்வைத்த எண்ணம்தான் இது. எந்த வினா படிக்கட்டைக் கிழிக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். கச்சிதமான படிக்கட்டு யாருக்கும் வராது, பயப்பட வேண்டாம்.

அடுத்து ராஷ் மாதிரி. டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960-இல் வெளியிட்டது. பிள்ளையின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது. அளவுகோலின் அலகு லாஜிட். திறனும் கடினமும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை அந்த வினாவைச் சரியாகச் செய்ய 50 சதவீத வாய்ப்பு. பிள்ளை ஒரு லாஜிட் மேலே இருந்தால் ஏறக்குறைய 73 சதவீதம். இடப்பக்கம் பிள்ளைகள், வலப்பக்கம் வினாக்கள் என்று இரண்டையும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரைந்தால் கிடைப்பதை, பெஞ்சமின் ரைட்டின் பெயரால் ரைட் வரைபடம் என்பார்கள். இதற்கான இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

வரைபடத்தில் இரண்டைத் தேடுங்கள். ஒரே படிக்கு எழுதிய வினாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா? மேல்படி வினாக்களின் கூட்டம் கீழ்ப்படிக் கூட்டத்துக்கு மேலே இருக்கிறதா? எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 30 பேர் இருந்தால் ஒரு வினாவின் இடம் ஏறத்தாழ ஒரு லாஜிட் முன்பின்னாகத் தெரியும், 100 பேர் இருந்தால் அரை லாஜிட். அடுத்தடுத்த படிகளுக்கு இடையே இடைவெளியே ஒரு லாஜிட்தான் என்றால், 30 பேரை வைத்து வரிசையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஆறாவது வேலை: எண்கள் முரண்டு பிடிக்கும்போது

பிடிக்கும். நான்காம் படி வினா ஐந்தாம் படி வினாவுக்கு மேலே போய் உட்காரும். புதிதாக வருகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: பாதையே தப்பு என்று தூக்கிப் போடுகிறார்கள், அல்லது முரண்டு பிடித்த வினாவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். சந்தேகிக்க மூவர் இருக்கிறார்கள்: வினா, பாதை, கற்பித்தல். மூவரையும் விசாரியுங்கள்.

வினாவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. வாக்கியம் நீளமா? எண்கள் அநாவசியமாகச் சிக்கலா? படம் குழப்புகிறதா? விகிதம் தெரிந்தும் 17-ஐ 6-ஆல் வகுக்கத் தெரியாமல் விட்ட பிள்ளையை விகிதம் தெரியாதவர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. எண்களை எளிதாக்கி அதே வினாவை இன்னொரு வகுப்புக்குக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வினா நிரபராதி என்றால் கற்பித்தலையும் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும். குறுக்குப் பெருக்கல் ஒரு நல்ல உதாரணம். அதைச் சீக்கிரமே சொல்லிக்கொடுத்த வகுப்பில், நான்காம் படி வினாக்கள் மூன்றாம் படியைவிட எளிதாகத் தெரியும். மூன்று எண்களைப் பார்த்ததும் பெருக்கி வகுத்துவிடுகிறார்கள், அடுக்கத் தேவையே இல்லை. அதே பிள்ளைகள் திடல் ஓட்டக் கணக்கில் 24 என்று எழுதுவார்கள். பிள்ளைகள் நான்காம் படிக்குத் தாவிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. விடையிலிருந்து சிந்தனையை ஊகிக்கும் நம் பாலம் அந்த வகுப்பில் உடைந்துவிட்டது. அங்கே வழிமுறையை எழுதச் சொல்லாமல் படி சொல்ல முடியாது. பாதை எந்தக் கற்பித்தலுக்குப் பொருந்தும் என்பதையும் அதனோடு சேர்த்து எழுதியே தீர வேண்டும்.

பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தும் பாருங்கள். ஒரே திறன் மட்டத்தில் இருக்கும் இரண்டு குழுக்களில், வீட்டுமொழி வேறான ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு வினா கடினமாக இருந்தால், அது கணிதத்தை மட்டும் அளக்கவில்லை.

ஏழாவது வேலை: உண்மையில் நகர்கிறார்களா?

இதுவரை செய்தது எல்லாம் ஒரே நாளில் எடுத்த புகைப்படம். எது எளிது, எது கடினம் என்று அது சொல்லும். பிள்ளை மூன்றாம் படி வழியாகத்தான் நான்காம் படிக்குப் போகிறது என்று சொல்லாது. பாதை என்று பெயர் வைத்துவிட்டோம், பயணத்தைப் பார்க்கவில்லை! அதே பிள்ளைகளைக் கற்பித்தலுக்கு முன், நடுவில், பின் என்று மூன்று முறையாவது பார்க்க வேண்டும். எண்களை மாற்றி இணையான வினாக்களைக் கொடுங்கள். சிலர் படி தாண்டுவார்கள், சிலர் கீழே இறங்குவார்கள். புதிய வகை எண்கள் வந்ததும் பழைய கூட்டலுக்குத் திரும்புவது சகஜம். அந்தச் சிறுமியைப் பார்த்தோமே. பெரும்பாலானோர் ஒரு படியைத் தொடாமலே மேலே போகிறார்கள் என்றால், அது படியே அல்ல, பக்கத்தில் இருக்கும் ஒரு திண்ணை.

கடைசியாக, ஆசிரியர் கையில் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் மூன்று தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட தேர்வுத் தரநிலைகள் ஐந்து வகைச் சான்றுகளைச் சொல்கின்றன: உள்ளடக்கம், விடையளிக்கும்போது நடக்கும் சிந்தனை, உள்ளமைப்பு, பிற அளவீடுகளோடு உறவு, விளைவுகள். மேலே நாம் பார்த்தவற்றில் முதல் மூன்றும் வந்துவிட்டன. நான்காவதற்கு, ஆசிரியரின் தனி மதிப்பீட்டோடு உங்கள் படி எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பலரும் தொடாமல் விடுவது ஐந்தாவது. ஆசிரியர் பாடத்தை மாற்றினாரா? அல்லது "இவன் ரெண்டாம் படிப் பையன்" என்று பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டதா? நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் அறிக்கையில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் படி எண்ணைப் போடுவதில்லை. எந்த வினாவில் எப்படி யோசித்தது, அடுத்து எந்த வினாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஒரு சுற்று முடிந்ததும் பாதையைத் திருத்தி, தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு வையுங்கள். நீக்கிய வினாக்களையும் ஒரு தனிக் கோப்பில் காரணத்தோடு வையுங்கள். நான் அப்படி வைக்கவில்லை. அந்த 3-க்கு 1, 4-க்கு 3 சாய வினாவை, அடுத்த ஆண்டு எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் தானாகவே யோசித்து எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள் என்று அவருக்கும் மகிழ்ச்சி.